யாருடைய முன்னாள் மாணவி?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபதடி ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கட்டினார்கள். நகரத்தின் பெரிய தனியார் பள்ளி வைத்தது. ‘எங்கள் முன்னாள் மாணவர்கள், நாட்டின் நாளைய தலைவர்கள்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே வரிசை வரிசையாக முகங்கள். மே மாதம் வைத்த ஃப்ளெக்ஸில் மதிப்பெண் இருந்தது. இதில் ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் கல்லூரியின் பெயர். மருத்துவக் கல்லூரி, ஐஐடி, பெங்களூரில் சட்டப் படிப்பு, பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள், ஒரு பையனுக்கு ஜெர்மனி. மூன்றாவது வரிசையில் ஐந்தாவது முகத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினோம். அது எங்கள் பிள்ளை.

எங்கள் பிள்ளை என்றால், காலனியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு நான்கு வருடம் வந்த பிள்ளை. அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கிய பெண். அப்பா பெயிண்டர். அம்மா நடவுக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிறவர். அந்தக் குடும்பத்தில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே கிண்டிக்குப் போகிற முதல் ஆள்.

ஃப்ளெக்ஸில் அரசுப் பள்ளியின் பெயர் இல்லை. ‘எங்கள் முன்னாள் மாணவி’ என்று இருந்தது. படம் எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். விடுதியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “அக்கா, அது நான் ஏழாவது படிக்கும்போது எடுத்த குரூப் போட்டோ. அதுல இருந்து வெட்டியிருக்காங்க. பக்கத்துல இருக்கறது சரண்யா தோள்பட்டை.”

பொய் என்று சொல்ல முடியாது. அந்தப் பள்ளியில் அவள் படித்தது உண்மைதான். 2013இல் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். 2021இல் எட்டாம் வகுப்போடு வெளியே வந்தாள், அல்லது வெளியே தள்ளப்பட்டாள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சட்டத்தைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12(1)(c). அரசு உதவி பெறாத தனியார் பள்ளி ஒவ்வொன்றும் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். இந்தச் சட்டம் செல்லும் என்று 2012இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைதான் பேசுகிறது. எட்டாம் வகுப்பு முடிந்த மறுநாள், அதே பெஞ்சு, அதே ஆசிரியர், அதே பிள்ளை. கட்டணம் மட்டும் முழுசாக வந்து நிற்கும்.

அந்த எட்டு வருடமும் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். பாடக் கட்டணம்தான் இல்லை. நோட்டுக்கு, சீருடைக்கு, ஷூவுக்கு, ‘ஆக்டிவிட்டி’க்கு, ஆண்டு விழா உடைக்கு என்று வேறு வேறு பெயரில் ரசீது வரும். சில ரசீதுகளில் பெயர்கூட இருக்காது. அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் ஒரே போனில்தான் கொரோனா வருடத்து வகுப்பு நடந்தது. ராத்திரி அவர் வந்த பிறகு, குரூப்பில் வந்த வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவாள். அந்த வருடத்துக்கும் ‘இதர கட்டணம்’ கேட்டார்கள். கட்டவில்லை. மாற்றுச் சான்றிதழ் இரண்டு மாதம் பள்ளி அலுவலகத்து பீரோவிலேயே இருந்தது. எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடவில்லை. அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர், “டிசி வரும்போது வரட்டும், நீ வந்து உட்காரு” என்று சொன்னதால் அவள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தாள். அந்த அம்மாவின் முகத்தைத்தான் ஃப்ளெக்ஸில் போட்டிருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் பிள்ளைக்கு அது மூன்று வருடத் தாமதம்.

வகுப்பில் அவளுக்கு இருந்த பெயர் ‘ஆர்டிஇ’. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்த ஒரு டீச்சரைப் பற்றி இன்றும் பாசமாகத்தான் பேசுவாள். அதை மறைத்து எழுதினால் நாங்களும் ஃப்ளெக்ஸ்காரர்கள் ஆகிவிடுவோம். ஆனால் பள்ளி அலுவலகத்திலிருந்து ஆயா வந்து “ஆர்டிஇ பசங்கல்லாம் எந்திரிங்க” என்று சொல்லும்போது, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அல்லவா, அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும்.

பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வீடு தேடி வந்தது. காலனிக்குள் அந்தப் பள்ளியின் கார் வந்தது அதுதான் முதல் தடவை. எட்டு வருடமும் பள்ளி வேன் மெயின் ரோட்டு முனையோடு திரும்பிப் போகும். அப்பாவுக்குச் சந்தோஷம். “அவங்களா கூப்பிட்டு மரியாதை பண்றேங்கறாங்க. போய்ட்டு வந்தா என்ன தம்பி?” என்று எங்களைக் கேட்டார். அந்த மனிதர் அந்தப் பள்ளியின் வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். அதே வாசலுக்குள் சால்வை போட்டு அழைத்துப் போகிறோம் என்கிறார்கள். அவர் ஆசைப்பட்டதில் என்ன தவறு? போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளையைக் கேளுங்கள் என்றோம்.

பிள்ளை ஒன்றுதான் கேட்டாள். தன் பெயருக்குக் கீழே அரசுப் பள்ளியின் பெயரையும் போட வேண்டும். நாங்கள் போன் செய்தோம். தாளாளர் அலுவலகத்தில் எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “டிசைன் முடிஞ்சிடுச்சு சார், ஸ்பேஸ் இல்ல” என்றார்.

இருபதடி ஃப்ளெக்ஸில் இடமில்லை.

இது ஒரு பிள்ளையின் படம் பற்றிய சண்டை என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். தனியார் பள்ளிகள் தங்கள் முன்னாள் மாணவர்களைக் கொண்டாடும்போது உண்மையில் எதைக் கொண்டாடுகின்றன? ‘நாங்கள் உருவாக்கினோம்’ என்கிறார்கள். உருவாக்குவதற்கு முன் பொறுக்குகிறார்கள். நுழைவு வகுப்பில் பெற்றோரை உட்கார வைத்து, என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே வேலை, சொந்த வீடா என்று விசாரிக்கிறார்கள். குழந்தையையோ பெற்றோரையோ இப்படி வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் அதற்கு ‘நேர்காணல்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘கலந்துரையாடல்’ என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது சல்லடை. பத்தில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு, “உங்க பையனுக்கு வேற ஸ்கூல் நல்லாருக்கும்” என்ற அன்பான ஆலோசனை, அது மூன்றாவது. கூடவே, அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதலிடம் வந்த பிள்ளைக்கு, கட்டணம் வேண்டாம், இங்கே வந்து பிளஸ் ஒன் சேர் என்று வீட்டுக்கே ஆள் அனுப்பும் வேலை. இத்தனை சல்லடைக்குப் பிறகு மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பட்டாசு வெடிக்கிறார்கள். 2025இல் தமிழ்நாடு முழுக்க பிளஸ் டூ எழுதியவர்களில் 95 விழுக்காட்டினர் தேறினார்கள். வருகிற எல்லாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்கிற அரசுப் பள்ளிகளையும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் சேர்த்துத்தான் அந்த 95. சல்லடை வைத்திருப்பவர் கூடுதலாக எடுக்கிற ஐந்துக்கு இவ்வளவு வெடியா?

பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த உறைவிடப் பள்ளிகளை நம் மக்கள் ‘பிராய்லர் பள்ளி’ என்று சரியாகவே பெயரிட்டார்கள். அந்த முறைகேட்டை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறையும் என்கிறார்கள். குறையட்டும். பிராய்லர் கூண்டு மறுபடி திறந்துவிடாமல் யார் பார்த்துக்கொள்வது என்றுதான் கேட்கிறோம். 2017இல் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அரசு நிறுத்தியதை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தொடர்கிறார், அவ்வளவுதான்.

“பிள்ளைங்க கஷ்டப்பட்டுப் படிச்சிருக்காங்க, உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிள்ளைகள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த ஜெர்மனிக்குப் போகிற பையன் நல்லபடியாகப் போய் வரட்டும். எங்கள் சண்டை, அவனுடைய உழைப்பைத் தன் முதலீடாகவும், எங்கள் பிள்ளையின் உழைப்பைத் தன் விளம்பரமாகவும் மாற்றிக்கொள்கிற நிர்வாகத்தோடு. இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை அறக்கட்டளையின் பெயரில் நடப்பவை. அரசிடமிருந்து கல்வி உரிமைச் சட்டத்தின் பெயரில் கட்டணத்தைத் திரும்ப வாங்குபவை. பொதுப் பணம் வாங்குகிறவரிடம் பொதுக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று: 25 விழுக்காட்டில் உள்ளே வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள்?

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த ஆரம்ப வருடங்களில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இப்போதுதான் பள்ளியை முடித்து வெளியே வருகிறார்கள். எல்கேஜியில் சேர்ந்தவர்கள் இன்னும் ஓரிரு வருடத்தில் வருவார்கள். ஒரு சட்டம் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. யாரும் பார்க்கவில்லை. 2025-26க்கான சேர்க்கையே வழக்கமான மே மாதத்தில் தொடங்கவில்லை. ஒன்றிய அரசு நிதியை நிறுத்திவைத்தது, மாநில அரசு அதைக் காரணம் காட்டியது, அக்டோபர் வரை இழுத்தது. இரண்டு அரசுகளும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஒரு பெயிண்டரின் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது.

இனி கல்லூரித் திட்டம். ஃப்ளெக்ஸில் இந்த முறை அதைத்தானே கொண்டாடினார்கள்.

அந்த ஜெர்மனிப் பையனின் திட்டம் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியிருக்கும். ‘ஃபவுண்டேஷன்’ வகுப்பு, வழிகாட்டி ஆலோசகர், அதே பள்ளியில் படித்து வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார்களின் வாட்ஸ்அப் குழு, பாஸ்போர்ட், வங்கிக் கடன், பெங்களூரில் ஒரு மாமா. முன்னாள் மாணவர் சங்கம் என்று அவர்கள் வைத்திருப்பது வெறும் விருந்துக் கூட்டம் அல்ல. எந்தக் கல்லூரியில் எந்தத் தேதிக்குள் எந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும் என்கிற அறிவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிற இடம் அது. சமூகவியல் வகுப்பில் ‘பண்பாட்டு மூலதனம்’ என்ற சொல்லைப் பரீட்சைக்காக உருப்போட்டோம். அதற்குப் பொருள் புரிந்தது பிரவுசிங் சென்டர் வாசலில்தான்.

நம் பிள்ளைகளின் கல்லூரித் திட்டம் அந்த வாசலில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் கடைசி நாளுக்கு முந்தின நாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். அப்பாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படவில்லை, இணைக்காவிட்டால் உதவித்தொகை வராது. வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தையும் அரசு ஏற்கும் என்று 2012இல் வந்த அரசாணை 92 இருக்கிறது. அரசாணை இருக்கிறது. ஆனால் பணம் வரும்வரை காத்திருக்கக் கல்லூரிக்குப் பொறுமை இல்லை. முதலில் கட்டு, வந்ததும் எடுத்துக்கொள் என்பார்கள். கட்டுவதற்கு அம்மாவின் தோடு போகும். கட்ட முடியாதவருக்கு ஹால் டிக்கெட் நிற்கும்.

எவ்வளவு பணத்தில் ஒரு வாழ்க்கை நிற்கும் என்று தெரிய வேண்டுமா? 17,500 ரூபாய். 2024இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் இளைஞர் அதுல் குமார், ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேறி தன்பாத் ஐஐடியில் இடம் வாங்கினார். தினக்கூலியான அப்பா அந்தப் பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. இடம் போனது. உச்ச நீதிமன்றம் வரை நடந்து, செப்டம்பர் 30 அன்று, அரசமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி நீதிமன்றம் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதுல் குமார் ஜெயித்தார் என்று நாமும் பகிர்ந்தோம், கொண்டாடினோம். உச்ச நீதிமன்றம் வரை நடக்கத் தெரியாத, வழக்கறிஞர் கிடைக்காத பிள்ளைகளின் இடங்கள் எங்கே போயின?

உள்ளே போனவர்கள் கதை தனி. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் மூன்றிலும் சேர்த்து ஐந்து வருடத்தில் 13,626 பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் படிப்பை விட்டு வெளியேறியதாக 2023 டிசம்பரில் ஒன்றிய அரசே மக்களவையில் சொன்னது. ரோஹித் வெமுலா, நம் சேலத்து முத்துக்கிருஷ்ணன், பாயல் தத்வி, தர்ஷன் சோலங்கி இவர்களெல்லாம் ஏதோ ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள்தான். சேர்ந்தபோது வாழ்த்துச் சொன்னவர்கள், திரும்பி வந்தபோது எங்கே இருந்தார்கள்?

ஃப்ளெக்ஸில் இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு தரலாம் என்று 2005ஆம் ஆண்டின் 93ஆவது திருத்தம் அரசமைப்பில் 15(5) பிரிவைச் சேர்த்தது. இருபது வருடமாகிறது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் இயற்றவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘மேன்மைமிகு நிறுவனம்’ என்று பட்டம் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதி மாணவர்கள் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்பது அந்த அறிக்கையில் இருக்கிறது. அப்படியானால், தனியார் பள்ளியிலிருந்து தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பாதையில் ஒரு பிள்ளை எல்கேஜியிலிருந்து பட்டம் வாங்கும்வரை ஒரு தலித் பிள்ளையின் பக்கத்தில் உட்காராமலேயே படித்து முடித்துவிடலாம். அதன் பிறகு அந்தப் பிள்ளை வேலைக்கு ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ‘தகுதி, திறமை’ என்று பேசும். யார் மேல் குறை சொல்வது?

2023இல் நாங்குநேரியில் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய தலித் மாணவர், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து 2024இல் பிளஸ் டூவில் 469 எடுத்தார். அதைத் தன் சாதனை என்று ஃப்ளெக்ஸ் வைக்க எந்த நிர்வாகத்துக்கு வாய் வரும்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் இருக்கிற சாதியை நீக்குங்கள், கையில் கட்டுகிற சாதிக் கயிறுகளை நிறுத்துங்கள் என்றெல்லாம் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. முன்னாள் மாணவர் சங்கங்கள் கூடும்போது ஒருநாளாவது அந்த அறிக்கையை எடுத்து வாசிக்கலாம்.

இங்கே நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். நம் தெருவில் நாம் வைக்கிற ஃப்ளெக்ஸ் எப்படி இருக்கிறது? ‘மண்ணின் மைந்தன், முதல் மருத்துவர்’ என்று பிள்ளையின் படம் தபால்தலை அளவில். வட்டம், மாவட்டம், தலைவர் படங்கள் ஆளுயரத்தில். அரசு வேலைக்குப் போன நம் அண்ணன்மார்கள் பலர் தங்கள் பிள்ளைகளை அதே தனியார் பள்ளியில்தான் முழுக் கட்டணம் கட்டிச் சேர்க்கிறார்கள், எங்கள் நண்பர்கள் உட்பட. அவர்களைத் திட்ட மாட்டோம். கூரை ஒழுகுகிற நலப் பள்ளியில் ஓராசிரியர் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்போது எந்தப் பெற்றோர் பொறுமையாக இருப்பார்? ஆனால் அந்த அண்ணன்மார்கள் நலப் பள்ளியில் படித்துத்தான் வேலைக்குப் போனார்கள். அந்தப் பள்ளிக்கு ஒரு முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா? பேர் எழுதி வைத்த நோட்டு ஒன்றாவது இருக்கிறதா? மயில்சாமி அண்ணாதுரையும் நிகர் ஷாஜியும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்று மேடைகளில் சொல்கிறோம். நம் ஊர் நலப் பள்ளியில் படித்து இன்று கிராம நிர்வாக அலுவலராக, செவிலியராக, பேருந்து நடத்துநராக இருக்கிறவர்கள் பட்டியல் நம்மிடம் இல்லை.

நமக்குக் கொண்டாடத் தெரியாது என்றும் இல்லை. 1900 நவம்பர் 7 அன்று சாதாராவில் ஒரு சிறுவன் பள்ளியில் சேர்க்கப்பட்டான். அந்த நாளை இப்போது மகாராஷ்டிர அரசு மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. 2025ஆம் ஆண்டோடு 125 ஆண்டு. அந்தப் பள்ளிக் காலத்தில் அந்தச் சிறுவன் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில்தான் உட்கார்ந்தான். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பள்ளிக்கூடங்கள் தங்கள் முன்னாள் மாணவரைப் பிற்பாடு உரிமை கொண்டாடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட கே.ஆர். நாராயணன் 1997இல் குடியரசுத் தலைவர் ஆனபோது, அவரை எங்கள் மாணவர் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வந்திருக்காது?

ஆனால் அம்பேத்கர் வாழ்க்கையில் இன்னொரு பாராட்டு விழாவும் உண்டு. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது பம்பாயில் அவருடைய மக்கள் கூட்டம் போட்டார்கள். எஸ்.கே. போலே தலைமை. கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. மேற்கொண்டு படிக்கப் பணமில்லை என்று ஆனபோது, அதே கேளுஸ்கர் பரோடா மன்னரிடம் அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913இல் கொலம்பியாவுக்குப் போனதும் பரோடா உதவியில்தான். அந்த விழாவில் ஃப்ளெக்ஸ் இல்லை. ஒரு புத்தகம் இருந்தது, பிறகு கூட நடந்து வர ஒரு ஆள் இருந்தார். திரும்பி வந்த அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த வருடமே சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அதற்கு முன்பே நம் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அதற்கும் முன்னால் 1890களிலேயே அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் பஞ்சமர் பள்ளிகளுக்காக ஆல்காட்டோடு சேர்ந்து நின்றார்.

விழா அன்று அவள் வரவில்லை, வகுப்பு இருந்தது. அப்பாவும் போகவில்லை. மேடையில் பெயர் வாசித்தார்கள், கைதட்டினார்கள் என்று அந்தக் கணக்கு டீச்சர் போன் செய்து சொன்னாராம். அவள் டீச்சரிடம் நன்றாகப் பேசினாள். அழைப்பிதழ் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கிறது.

செப்டம்பரில் நாங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். எங்கள் மாவட்டத்தில் 2013-14இல் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அதே பள்ளியில் 2025இல் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர். அப்படிப்பட்ட விவரம் தொகுத்து வைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. எமிஸ் எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். மேல்முறையீடு செய்திருக்கிறோம்.

அது வரும்வரை சும்மா இருக்கப் போவதில்லை. உங்கள் தெருவில், உங்கள் காலனியில், ஆர்டிஇ ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். எந்த வருடம் சேர்ந்தார்கள், எந்த வகுப்பில் நின்றார்கள், என்ன காரணம், என்னென்ன பெயரில் எவ்வளவு பணம் வாங்கினார்கள், மாற்றுச் சான்றிதழுக்கு எத்தனை நாள் நடந்தார்கள், இந்த ஐந்து கேள்வி போதும். பிள்ளையின் பெயர் வேண்டாம், பள்ளியின் ரசீது இருந்தால் படம் எடுத்து வையுங்கள். எட்டோடு நிற்கிற உரிமையைப் பன்னிரண்டு வரை நீட்டு என்று கேட்கப் போகும்போது கையில் கணக்கு வேண்டும். எங்கள் ஒரு காலனியில் இதுவரை பதினொரு பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் அதே பள்ளியில் தொடர்ந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு வீட்டிலும் வட்டிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.